மூக்கு சர்ஜரிக்குப் பின் வீக்கம் ஏன்? விடை சொல்லும் ஜாக் ஜோசப்பின் கதை

மூக்கை அழகாக்க சர்ஜரி செய்துகொண்டவர்கள் முதல் வாரம் கண்ணாடியைப் பார்த்தால் பதறிப்போவார்கள். முகம் உப்பியிருக்கும். கண்ணைச் சுற்றிக் கன்றிப்போயிருக்கும். எல்லாம் சொதப்பிவிட்டதோ என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. ஏன் என்பது, இந்தச் சிகிச்சைக்கு இன்றைய வடிவம் கொடுத்த பெர்லின் மருத்துவர் ஜாக் ஜோசப்பின் கதையைப் படித்தால் புரியும்.

காதால் போன வேலை

1865-ல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் ஒரு யூத மதகுருவின் மகனாகப் பிறந்தார் ஜோசப். பெர்லினில் மருத்துவம் படித்து, புகழ்பெற்ற எலும்பு மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃபிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

1896-ல் ஒரு தாய் தன் மகனை அழைத்து வந்தார். பையனுக்குக் காது விடைத்து நின்றது. பள்ளியில் ஒரே கேலி கிண்டல். ஜோசப் காதைச் சரிசெய்தார். சிகிச்சை பலித்தது, வேலைதான் போச்சு! நோயே இல்லாத உடம்பில் தோற்றத்துக்காகக் கத்தி வைப்பதை அன்றைய மருத்துவ உலகம் ஏற்கவில்லை.

வெளியே தெரியாத வெட்டு

அந்தச் செய்தி கேள்விப்பட்டு, பெரிய மூக்கால் வெளியே தலைகாட்டவே கூசிய ஒருவர் வந்தார். 1898-ல் அவரது மூக்கைச் சிறிதாக்கிய ஜோசப், அதைப் பெர்லின் மருத்துவச் சங்கத்தில் விளக்கினார். தோற்றத்தால் வரும் மன வேதனையும் வேதனைதான், அதைத் தீர்ப்பதும் மருத்துவரின் வேலைதான் என்பது அவர் வாதம்.

ஆனால் ஒரு சிக்கல். வெளியே வெட்டியதால் மூக்கில் தழும்பு விழுந்தது. அமெரிக்க மருத்துவர் ஜான் ரோ, மூக்கின் உள்ளிருந்தே திருத்தும் முறையை 1887-லேயே எழுதியிருந்தார். ஜோசப்பும் 1904-ல் அந்த வழிக்கு வந்தார். அதற்கென்றே சிறு ரம்பங்களையும் அரங்களையும் வடிவமைத்தார்.

முதல் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த வீரர்களுக்குப் பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் முகம் சீரமைத்தார். இன்னொரு பக்கம், யூதர்களின் மூக்கைக் கேலிச்சித்திரமாக வரைந்து வெறுப்பைப் பரப்பிய காலம் அது. கூட்டத்தில் தனியாகத் தெரியாமல் இருந்தால் போதும் என்று அவரிடம் வந்த யூதர்கள் பலர்.

1933-ல் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்ததும் யூத மருத்துவர்களின் தொழிலுக்குக் கடும் கட்டுப்பாடுகள் வந்தன. 1934 பிப்ரவரியில் ஜோசப் பெர்லினில் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய கருவிகள் இன்றும் அறுவை அரங்கில் உள்ளன.

வீக்கம் மட்டும் ஏன் போகவில்லை?

தழும்பை மறைத்த ஜோசப்பின் முறையாலும் வீக்கத்தைத் தடுக்க முடியாது. வெட்டு உள்ளே இருந்தாலும், தோலை எலும்பிலிருந்து பிரித்து, எலும்பை அறுத்து நகர்த்தத்தானே வேண்டும்? அந்தக் காயத்தை ஆற்ற உடல் அனுப்பும் நீரும் ரத்தமும்தான் வீக்கம்.

முதல் 2, 3 நாள்களில் அது உச்சத்தில் இருக்கும். கண்ணைச் சுற்றிய கன்றல் பொதுவாக 2 வாரங்களில் மறையும். மூக்கு நுனி முழுசாக வடிய ஓராண்டு வரை ஆகலாம். தோல் தடிமனானவர்களுக்கு இன்னும் தாமதமாகும்.

என்ன செய்யலாம்?

* தலையை உயர்த்தி, மல்லாந்து படுங்கள்.
* முதல் 2 நாள் கன்னத்திலும் கண்ணருகிலும் துணி சுற்றிய ஐஸ் வைக்கலாம். மூக்கின் மேல் அழுத்தக் கூடாது.
* ஜிம், கனமான பொருள் தூக்குவது, குனிந்து செய்யும் வேலை எல்லாம் சில வாரங்களுக்கு வேண்டாம்.
* மூக்கைச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.
* மூக்குக்கண்ணாடியை எப்போது போடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.
* உப்பைக் குறையுங்கள். சிகரெட், மது கூடாது. வலி மாத்திரையை நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். சில மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும்.

நிற்காத ரத்தக்கசிவு, காய்ச்சல், திடீரென ஒரு பக்கம் மட்டும் கூடும் வீக்கம், பார்வை மங்கல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். இவை எதுவும் இல்லையென்றால், முதல் மாத செல்ஃபியை வைத்து மூக்கை எடை போடாதீர்கள். அது இன்னும் உங்கள் புது மூக்கு அல்ல, பாதி வீக்கம்தான்.