நிறமற்ற சுடர்

நம் ஆய்வுக்கூடத்து வாயு விளக்குக்குப் பெயர் தந்த இராபர்ட் புன்சன், 1811-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரிற் பிறந்தார். ஆர்சனிக் சேர்மம் ஒன்று வெடித்து வலக்கண் பார்வையைப் பறித்தது. ஆயினும் அவர் ஆய்வை விட்டாரில்லை.

அந்நாளைய விளக்குகள் மஞ்சளாய் எரிந்து புகை கக்கின. வாயு எரியுமுன்பே காற்றைக் கலக்க வேண்டுமென்று கண்ட புன்சன், 1855-ஆம் ஆண்டளவில், ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில், கருவி வினைஞர் டெசாகாவைக் கொண்டு அதற்கான குழலை அமைத்தார். காற்றுக் குறைந்தால் கரி படியும். மிகுந்தால் சுடர் குழலுக்குள் இறங்கிவிடும். பொருந்தினாலோ வெப்பம் மிக்க, ஏறக்குறைய நிறமற்ற சுடர்.

அச்சுடரில் இட்ட உப்புகள் தத்தம் நிறங்காட்டின. அவற்றைக் கிர்க்காப்புடன் நிறமாலையில் ஆராய்ந்து, 1860-இல் சீசியத்தையும் 1861-இல் ரூபிடியத்தையும் கண்டார். விளக்குக்குக் காப்புரிமை கேட்டாரில்லை. 1899-இல் மறைந்த அப்பெரியாரின் கொடை இன்றும் நம் மேசைமீது எரிகிறது.