பத்து ஆட்டம், பத்தும் தோல்வி!
அசையாத மனிதர் ஆர்ட் ரூனியின் கதை

1944-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

அமெரிக்காவில் உள்ள பிட்ஸ்பர்க் நகரில் கடுங்குளிர். மைதானத்து மண் கல்லாக இறுகிக் கிடந்தது. அங்கே ஓர் ஆட்டம் நடந்து முடிந்தது. எதிர்க் கோஷ்டி எடுத்தது 49 பாயிண்டு. உள்ளூர்க் கோஷ்டி எடுத்ததோ வெறும் 7 பாயிண்டு!

அந்த ஆண்டு அந்தக் கோஷ்டி ஆடியது 10 ஆட்டம். பத்திலும் தோல்வி.

கோஷ்டியின் சொந்தக்காரர்களில் ஒருவர் ஆர்ட் ரூனி. அப்போது அவருக்கு வயது 43. அந்த ஆண்டு அவர் இழந்தது ஆட்டத்தை மட்டும் அல்ல. கூடப் பிறந்த தம்பியையும் போர்க்களத்தில் பறிகொடுத்திருந்தார்.

யார் இந்த ரூனி?

விளையாட்டுப் பிள்ளை

ரூனி 1901-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி பிறந்தார். அயர்லாந்து நாட்டு வம்சம். தகப்பனார் பிட்ஸ்பர்க் நகரின் வடக்குப் பகுதியில் மதுக்கடை நடத்தினார். வீட்டில் ஒன்பது குழந்தைகள். ரூனிதான் மூத்தவர்.

பிட்ஸ்பர்க் நகரம் இரும்பு ஆலைகள் நிறைந்த ஊர். எங்கு பார்த்தாலும் புகைபோக்கிகள். உழைத்து அலுத்த மக்களுக்கு விளையாட்டுதான் பொழுதுபோக்கு.

ரூனி குத்துச்சண்டை போட்டார். பேஸ்பால் ஆடினார். கால்பந்தும் ஆடினார்.

இந்தக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், எறியவும் செய்யலாம். ஓடுகிறவனை எதிரிகள் பாய்ந்து பிடித்துக் கீழே தள்ளுவார்கள். ஒவ்வொரு பக்கமும் 11 பேர். அடியும் உதையும் நிறைந்த ஆட்டம்.

2,500 டாலர்

1933-ல் ரூனி 2,500 டாலர் கட்டி, தேசியக் கால்பந்து லீகில் ஒரு கோஷ்டிக்கு உரிமை வாங்கினார். முதல் ஆட்டமே தோல்வி. நியூயார்க் கோஷ்டி 23 பாயிண்டு எடுத்தது. ரூனியின் கோஷ்டி 2 பாயிண்டோடு நின்றது.

தோல்வி தொடர்ந்தது. கூட்டம் வரவில்லை. கைப்பணம் கரைந்தது. ரூனி குதிரைப் பந்தயத்தில் கெட்டிக்காரர். அதில் ஒரு முறை பெரும் தொகை ஜெயித்தார். அப்படிப்பட்ட வரவும் கோஷ்டியைத் தாங்க உதவியது.

1938-ல் பைரன் ஒயிட் என்ற இளைஞரை 15,800 டாலர் சம்பளத்துக்கு அமர்த்தினார். அந்தக் காலத்தில் லீகில் யாருக்கும் அவ்வளவு சம்பளம் கிடையாது. ஒயிட் நன்றாகவே ஆடினார். ஆனால் கோஷ்டி 11 ஆட்டத்தில் ஒன்பதில் தோற்றது. அந்த ஒயிட் பிற்காலத்தில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஆனார்!

1940-ல் கோஷ்டிக்கு "ஸ்டீலர்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். உருக்கு ஆலைத் தொழிலாளிகளின் ஊருக்கு ஏற்ற பெயர். ஆனால் அந்த ஆண்டு முடிவில் ரூனியும் சலித்துப் போனார். கோஷ்டியை விற்றுவிட்டு, பிலடெல்பியா நகரக் கோஷ்டியில் பங்கு வாங்கினார். சொந்த ஊரை விட மனம் வரவில்லை. சில மாதங்களுக்குள் வாங்கியவரோடு ஊரை மாற்றிக்கொண்டு பிட்ஸ்பர்க்குக்கே திரும்பிவிட்டார்.

1942-ல் முதல் தடவையாக, தோல்வியைவிட வெற்றி அதிகம். 7 வெற்றி, 4 தோல்வி. நல்ல காலம் பிறந்தது என்று நினைக்கும்போதே, போர் குறுக்கே வந்தது.

ஆள் இல்லாத கோஷ்டி

2-வது உலகப் போரில் அமெரிக்கா இறங்கியிருந்தது. வாலிபர்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். கால்பந்து லீகிலிருந்து மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். ரூனியின் கோஷ்டியில் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே ஆள் மிச்சம்.

என்ன செய்வது? 1943-ல் பிலடெல்பியாவின் "ஈகிள்ஸ்" கோஷ்டியோடு சேர்ந்து ஆடினார்கள். இரண்டு பெயரையும் சேர்த்து "ஸ்டீகிள்ஸ்" என்று மக்கள் அழைத்தார்கள். ஒருவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. ஒருவருக்கு ஒரு காது கேட்காது. ஒருவருக்கு வயிற்றில் புண். பட்டாளம் வேண்டாம் என்று தள்ளிய ஆட்கள் அவர்கள். பகலில் போர்த் தளவாட ஆலைகளில் வேலை. வேலை முடிந்த பிறகு ஆட்டப் பயிற்சி. அப்படியும் 5 ஆட்டத்தில் வென்று காட்டினார்கள்!

தரை விரிப்பு

1944-ல் லீகில் 11 கோஷ்டிகள் இருந்தன. ஒற்றைப்படை என்பதால் ஜோடி சேர்த்து ஆட்டம் அமைக்க முடியவில்லை. ஆகவே ரூனியின் கோஷ்டி, சிகாகோ நகரின் "கார்டினல்ஸ்" கோஷ்டியோடு சேர்ந்தது. அந்தக் கார்டினல்ஸ் முந்திய ஆண்டு ஆடிய 10 ஆட்டத்திலும் தோற்ற கோஷ்டி!

இரண்டு முதலாளிகள். இரண்டு பயிற்சியாளர்கள். இரண்டு ஊர்கள். ஊருக்கும் ஊருக்கும் இடையே சுமார் 450 மைல்.

முதல் ஆட்டம் நூலிழையில் போயிற்று. 28-க்கு 30. அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் 7-க்கு 34. சரியாக ஆடவில்லை என்று மூன்று பேருக்குத் தலைக்கு 200 டாலர் அபராதம் போட்டார்கள். மற்ற ஆட்டக்காரர்கள் கொதித்து எழுந்து, பயிற்சிக்கு வர மறுத்தார்கள். ரூனி அவர்களோடு பேசினார். அதன் பிறகே அவர்கள் மைதானத்துக்குத் திரும்பினார்கள். ஆனால் வெற்றி திரும்பவில்லை.

கோஷ்டியின் பெயர் "கார்டு-பிட்". பத்திரிகைக்காரர்கள் அதைத் திரித்து "கார்ப்பெட்" என்று எழுதினார்கள். கார்ப்பெட் என்றால் தரை விரிப்பு. வருகிறவர் போகிறவர் எல்லாம் மிதித்துச் செல்வதால் அந்தப் பெயராம்!

அந்தக் கோஷ்டியிலும் ஒரு சிறந்த ஆட்டக்காரர் இருந்தார். பெயர் ஜானி கிரிகாஸ். பந்தோடு ஓடி 610 கெஜ தூரம் கடந்தவர். லீகிலேயே இரண்டாவது இடம். கடைசி ஆட்டத்தில் நன்றாக ஓடியிருந்தால் முதல் இடமும் கிடைத்திருக்கலாம். ஆனால் வாரா வாரம் அடிபட்டு அவர் உடலும் மனமும் ஓய்ந்து போயின. ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

பத்து ஆட்டத்தில் அவர்கள் எடுத்தது 108 பாயிண்டு. கொடுத்தது 328.

அதே ஆண்டில்தான் பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவுச் சண்டையில் ரூனியின் தம்பி டாமி உயிர் துறந்தார்.

மீண்டும் மீண்டும்

போர் ஓய்ந்தது. தரை விரிப்பு என்று கேலிக்கு ஆளான கார்டினல்ஸ், 1947-லேயே சாம்பியன் ஆகிவிட்டது! ரூனிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதே 1947-ல் ஸ்டீலர்ஸ் ஒரே ஒரு முறை பட்டத்தை நெருங்கியது. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு காத்திருப்பு.

குற்றம் விதியின்மேல் மட்டும் இல்லை. ரூனி சிநேகிதர்களைப் பயிற்சியாளராக வைத்தார். கண்டிப்புக் காட்டவில்லை. 1955-ல் ஜானி யூனிடாஸ் என்ற இளைஞரை, ஓர் ஆட்டத்திலும் இறக்காமலே கோஷ்டி அனுப்பிவிட்டது. அவர் வேறு ஊருக்குப் போய், அந்தக் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கினார்!

ஆனால் ரூனியை வெறுத்தவர் ஊரில் இல்லை. தெரிந்தவர் வீட்டில் துக்கம் என்றால் ரூனி அங்கே நிற்பார். பணம் சேர்ந்த பிறகும் பழைய தெருவை விட்டுப் போகவில்லை. வாயில் சுருட்டு, கையில் ஜெபமாலை. மைதானத்துக்கு நடந்தே போவார்.

வயதானதும் நிர்வாகத்தை மூத்த மகன் டானிடம் விட்டார். 1969-ல் சக் நோல் என்ற புதிய பயிற்சியாளர் வந்தார். முதல் ஆண்டு ஒரு வெற்றி, 13 தோல்வி! ஆனாலும் அவரை நீக்கவில்லை. கடைசியில் நின்ற கோஷ்டிக்கே புதிய ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்க முதல் உரிமை. அந்த இடத்தில் இரண்டு கோஷ்டிகள் நின்றன. காசு சுண்டிப் பார்த்தார்கள். ஸ்டீலர்ஸ் ஜெயித்தது. டெர்ரி பிராட்ஷா என்ற வாலிபர் கிடைத்தார்.

லிப்டில் இருந்த முதலாளி

1972 டிசம்பர் 23. கடைசி 22 வினாடி. ஸ்டீலர்ஸ் தோற்கும் நிலை. ஆட்டக்காரர்களுக்கு ஆறுதல் சொல்ல ரூனி லிப்டில் ஏறிக் கீழே இறங்கினார். அதற்குள் மைதானத்தில் அதிசயம்! எதிரே மோதித் தெறித்த பந்தை, தரையில் படுமுன் பிராங்கோ ஹாரிஸ் பிடித்தார், ஓடினார், கோஷ்டி வென்றது. நாற்பது ஆண்டு காத்திருந்தவருக்கு அதைக் கண்ணால் காணக் கொடுத்து வைக்கவில்லை!

1975 ஜனவரி 12-ந் தேதி ஸ்டீலர்ஸ் சாம்பியன் ஆனது. 16-க்கு 6. கோப்பையை ரூனி கையில் கொடுத்தார்கள். அவருக்கு 74 வயது நிறைய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் மேலும் மூன்று கோப்பைகள் வந்தன.

ரூனி 1988 ஆகஸ்டு 25-ந் தேதி, 87-வது வயதில் காலமானார். 1990-ல் பிட்ஸ்பர்க் மக்கள் மைதானத்தின் அருகே அவருக்குச் சிலை வைத்தார்கள்.

வெற்றி வந்த பிறகு அவரைக் கொண்டாடியது உலகம். பத்து ஆட்டத்திலும் தோற்றபோதே அவரைத் தங்கள் மனிதராக ஏற்றுக்கொண்டது அந்த ஊர்.