ஃபெலிக்ஸ் டெரெல்: கோழிக் குடலில் மருந்து தேடியவர்

பாக்டீரியாக்களை அழிக்கும் வைரஸ்களான பேஜ்களை மருந்தாக்க முயன்ற ஃபெலிக்ஸ் டெரெல், தாம் கனடாவின் மொன்ட்ரியலில் பிறந்ததாகக் கூறிவந்தார். ஆனால் 1873இல் அவர் பிறந்தது பாரிஸில் என்று பிற்கால ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். முறையான மருத்துவப் படிப்பு இல்லாத அவர், நுண்ணுயிரியலைப் பெரும்பாலும் தாமே கற்றவர்.

பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றியபோது, சீதபேதி கண்ட படைவீரர்களின் மலத்தை ஆராய்ந்து, அந்நோய்க் கிருமியைக் கரைத்துவிடும் பேஜ்களை அவர் கண்டார். 1917இல் இதனை வெளியிட்டார். இதையொத்த ஒன்றை பிரிட்டனின் ஃபிரெடெரிக் ட்வோர்ட் 1915இலேயே விவரித்திருந்ததால், கண்டுபிடிப்பு யாருடையது என்ற சர்ச்சை நெடுநாள் நீடித்தது.

மனிதர்களுக்குக் கொடுப்பதற்கு முன்பாக டெரெல் நாடியது கோழிகளைத்தான். 1919இல் பிரான்ஸின் கிராமப்புறங்களில் சால்மொனெல்லா வகைக் கிருமியால் கோழிகள் மடிந்துகொண்டிருந்தன. பிழைத்த கோழிகளின் குடலில் அக்கிருமியை அழிக்கும் பேஜ்கள் இருந்தன. அவற்றை வளர்த்து மற்றக் கோழிகளுக்குக் கொடுத்தபோது நோய் அடங்கியதாக அவர் பதிவு செய்தார். தேறிய கோழியின் எச்சத்தின் வழியே பேஜ்களும் பரவும். அதாவது, நோயைப் போலவே நோய் எதிர்ப்பும் தொற்றக்கூடியது என்பது அவரது வாதம். அவரது சோதனைகளில் போதிய ஒப்பீடு இல்லை என்று விமர்சகர்கள் கூறினர். அதில் நியாயமும் இருந்தது.

1927இல் இந்தியாவில் காலரா நோயாளிகளுக்கும் பேஜ்களைக் கொடுத்துப் பார்த்தார். பின்னர் சோவியத் ஜார்ஜியாவில் பணியாற்றினார்; அங்கு அவருக்குத் துணை நின்ற விஞ்ஞானி எலியாவா 1937இல் ஸ்டாலின் ஆட்சியில் கொல்லப்பட்டார். பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் நோபல் பரிசு கிடைக்காமலேயே, 1949இல் பாரிஸில் டெரெல் காலமானார்.

ஆண்டிபயாடிக் மருந்துகள் கோழித் தீவனத்தில் நுழைந்ததும் ஏறக்குறைய அப்போதுதான். மேற்குலகம் பேஜ்களை மறந்தது.

இன்குபேட்டரில் பொரிக்கும் குஞ்சு தாய்க்கோழியைக் காண்பதில்லை. அதன் குடலில் நல்ல பாக்டீரியாக்கள் குடியேறத் தாமதமாவதால் சால்மொனெல்லா எளிதில் இடம்பிடிக்கிறது. வளர்ந்த கோழியின் குடல் பாக்டீரியாக்களைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தால் அவை காக்கப்படுவதை 1973இல் பின்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். டெரெல் கையாண்டது வைரஸ், இவர்கள் கையாண்டது பாக்டீரியா. ஆனால் குடலிலிருந்து குடலுக்குப் பாதுகாப்பைக் கடத்தலாம் என்ற எண்ணம் ஒன்றே.

மனித மருத்துவத்துக்கு மிக முக்கியமான ஆண்டிபயாடிக்குகளை நோய்த் தடுப்புக்காகக் கொடுப்பதைக் கனடாவின் கோழி உற்பத்தியாளர்கள் 2014இல் நிறுத்தினர். ஒஷாவாவிலும் டொரொன்டோவிலும் தமிழர்கள் வாங்கும் கனடியக் கோழிக்கும் இவ்விதி பொருந்தும். அந்த இடத்தை நிரப்பவே புரோபயாட்டிக் பாக்டீரியாக்களும், டெரெலின் பேஜ்களும் இப்போது மீண்டும் ஆராயப்படுகின்றன.