ஏற்காட்டில் தங்கிவிட்ட ஃபுட் துரை

மலர்க் குழுவிலிருந்து போன் செய்து, நம் ஜியாலஜி டிபார்ட்மெண்ட் சார்பில் ஏதாவது எழுதுங்கள் சார் என்றார்கள். ஹாஸ்டல் கதை எழுத நம்மில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அதனால் நான் ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவரை நான் முதலில் சந்தித்தது ஒரு கல்லறைத் தோட்டத்தில்.

1974-ல் பி.எஸ்சி. கடைசி வருஷ எக்ஸ்கர்ஷன். சேலத்தில் மாக்னசைட் சுரங்கம் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏற்காடு ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேருக்கு வாந்தி. மேலே போனதும் படகுத்துறைக்கு ஓட இருந்த எங்களை நிறுத்தி, பேராசிரியர் ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்கு அழைத்துப் போனார். இங்கே இருப்பவர் யார் தெரியுமா என்று கேட்டார். ஒருவனுக்கும் தெரியவில்லை. ராபர்ட் புரூஸ் ஃபுட் என்றார்.

ஃபுட் 1834-ல் இங்கிலாந்தில் செல்டன்ஹாம் ஊரில் பிறந்தவர். 24 வயதில், 1858 டிசம்பரில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். மதராஸ் மாகாணம் முழுக்க நடந்தும் குதிரையிலும் சுற்றி, கூடாரம் போட்டு, பாறைகளை வரைபடத்தில் ஏற்றுகிற வேலை.

1863 மே 30. பல்லாவரத்தில் ராணுவ மைதானத்துக்குப் பக்கத்தில் சரளைக்கல் தோண்டிய பள்ளம் ஒன்று. அதில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. ஆயிரம் பேர் தாண்டிப் போயிருப்பார்கள். இவர் குனிந்து எடுத்தார். அது ஆதி மனிதன் செதுக்கிய கைக்கோடரி! பிரான்ஸில் சோம் நதிக்கரையில் கிடைத்த இதே மாதிரிக் கற்கள் மனிதர் செய்தவைதான் என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டே அப்போது நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. இந்தியாவிலும் கற்கால மனிதன் இருந்தான் என்று காட்டியது பல்லாவரத்துக் கல். அதே செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து அத்திரம்பாக்கத்தையும் கண்டுபிடித்தார். அங்கே கிடைக்கும் கருவிகளுக்கு வயது 15 லட்சம் ஆண்டுகள் வரை போகும் என்று 2011-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பாவம், ஃபுட்டுக்கு அது தெரியாமலே போய்விட்டது.

ஆனால் கோடரிகள் அவருக்கு ஓய்வு நேர வேலைதான். சம்பளம் பாறைகளுக்கு. சேலம், திருச்சி பகுதிகளின் நிலவியல் பற்றி கிங்கும் அவரும் எழுதிய நூல் 1864-ல் வந்தது. ஆக, சேர்வராயன் மலை அவருக்கு இளமையிலேயே பழக்கம். கோலார் தங்கம் இருக்கிற பாறைகளையெல்லாம் சேர்த்து தார்வார் என்று பெயர் வைத்தவரும் இவரே. பரீட்சைக்கு நெட்டுரு போட்டோமே, அதே தார்வார்தான்.

நம் கல்லூரிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு, நிஜமான சம்பந்தம்! மாநிலக் கல்லூரியில் மொழிப் பேராசிரியராக இருந்த பீட்டர் பெர்சிவல் அவருடைய மாமனார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவர். அவரும் ஊர் திரும்பவில்லை. 1882-ல் ஏற்காட்டில்தான் காலமானார். மருமகன் அந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

1891-ல் ஃபுட் ரிட்டையர் ஆனார். பென்ஷன் வாங்கும் துரைமார்கள் கப்பலேறி ஊருக்குப் போவதுதான் அக்கால வழக்கம். இவர் போகவில்லை. உடனே ஓய்வும் எடுக்கவில்லை. பரோடா சமஸ்தானம் கூப்பிட்டது, போனார். பிறகு மைசூர் கூப்பிட்டது, அங்கும் போனார். நம்ம ஆட்கள் ரிட்டையர் ஆனதும் பிரைவேட் காலேஜில் சேருவது போலத்தான்.

அதற்கப்புறம்தான் ஏற்காட்டு வாழ்க்கை. ஐவி காட்டேஜ் என்ற வீடு, சுற்றிலும் காப்பித் தோட்டங்களும் குளிரும். வேலை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். நாற்பது வருஷமாக மூட்டை மூட்டையாகச் சேர்த்த கற்களையும் பானை ஓடுகளையும் எடுத்து வைத்து, எது எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதுவது. நானூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் பொறுக்கியவை. நமக்கு இது வேலையாகவே தோன்றாது. ஆனால் எங்கே கிடைத்தது என்று எழுதாத கல் வெறும் கல்தானே.

சேர்வராயன் மலையிலேயே வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்தன. மலையாளி மக்கள் அவற்றைச் சாமியாகப் பிள்ளையார் கோயில்களில் வைத்திருந்தார்கள். (கேரளத்து மலையாளி என்று குழம்ப வேண்டாம், தமிழ் பேசும் மலைவாசிகள்.) தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. அவர்களும் வந்து தங்கியவர்கள், இவரும் வந்து தங்கியவர்.

1904-ல் தன் சேகரிப்பை நாற்பதாயிரம் ரூபாய்க்கு மதராஸ் மியூசியத்துக்குக் கொடுத்தார். லண்டனுக்கு அனுப்பாமல் எழும்பூருக்குக் கொடுத்தாரே, அதற்காகவே அவரைக் கும்பிடலாம். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் இறந்தார். அங்கே தகனம் செய்து, சாம்பலை ஏற்காட்டுக்குக் கொண்டு வந்தார்கள். உட்கார்ந்து எழுதிய கேட்லாக்கை அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஒரு பாகம் 1914-லும், அடுத்தது 1916-லும் வந்தது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. என் மகன் டொரண்டோவில் இருக்கிறான். அங்கேயே வந்து நிம்மதியா இருங்கப்பா என்கிறான். போன வருஷம் ஆறு மாதம் இருந்து பார்த்தோம். வீடு அமைதி, தெரு அமைதி. என் மனைவிக்குப் பேரக்குழந்தைகளோடு பொழுது போய்விட்டது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பனியைப் பார்த்தேன். அமைதி ஃபுட்டுக்கும் இருந்தது, ஆனால் அவர் மேஜை மேல் கற்கள் இருந்தன. சர்வீஸ் காலத்தில் நான் எழுதிய ஃபீல்டு நோட்டுகள் முப்பத்தொன்றும் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. அவற்றை டொரண்டோவுக்குத் தூக்கிப் போவதா, இங்கேயே இருந்து படியெடுப்பதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை.

போன மாதம் பெட்டியைத் திறந்தேன். முதல் நோட்டில் ஏற்காடு எக்ஸ்கர்ஷன் இருக்கிறது. சர்ச் பற்றி ஒரு வரி கூட இல்லை, பஸ் செலவுக் கணக்கு மட்டும் சரியாக இருக்கிறது.