நேருவின் வெண்கதர்

பண்டித ஜவஹர்லால் நேருவைப் பற்றி எழுதப்புகுவோர் பெரும்பாலும் அவர்தம் அரசியலையே எழுதுவர். யான் எழுதப் புகுந்தது அவர் உடுத்த உடையைப் பற்றி. இஃது அற்பப் பொருளென நகுவார் நகுக. மாணவர் முன்னிலையில் நாடோறும் நிற்கும் தொழிலினனாகிய எனக்கு இஃது அற்பமாகத் தோன்றவில்லை.

1889ஆம் ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி அலகாபாத்தில் பிறந்த ஜவஹர்லாலுக்குச் செல்வம் தொட்டிலிலேயே வாய்த்தது. தந்தையார் மோதிலால் நேரு பெரும்பொருள் ஈட்டிய வழக்கறிஞர். மேனாட்டு வாழ்க்கையில் மிக்க விருப்புடையவர். மைந்தனை 1905இல் ஹரோ பள்ளியிற் சேர்த்தார். பின்னர் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரி, அதன்பின் சட்டக் கல்வி. 1912இல் பாரிஸ்டராய்த் தாயகம் மீண்டவர் நடையிலும் உடையிலும் ஆங்கிலக் கனவானாகவே விளங்கினார். அக்குடும்பத்தார் தம் உடைகளைப் பாரிஸ் நகருக்கு அனுப்பி வெளுப்பித்தனர் என்றொரு கதை அந்நாளில் நாடெங்கும் உலாவிற்று. நேரு தம் சுயசரிதையிலே அதனை நகைப்புக்கிடமான பொய்யென மறுத்துள்ளார். மறுத்தும் பயனில்லை, மேடைகளில் இக்கதையை யானே பன்முறை கேட்டிருக்கின்றேன்.

காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது தந்தையும் மைந்தரும் கதர் பூண்டனர். 1921 டிசெம்பரில் இருவரும் சிறைப்பட்டனர். இலக்னோச் சிறையிலே சிறு கொட்டகையொன்று அவர்கட்கு உறைவிடமாயிற்று. காலையில் அக்கொட்டகையைக் கூட்டிக் கழுவுவதும், தம் உடையோடு தந்தையார் உடையையும் தோய்ப்பதும், பின் இராட்டையில் நூல் நூற்பதும் ஹரோவிற் பயின்ற அம்மைந்தரின் பணிகளாயின. தாமே அழுக்குப் போக்கி உடுத்த அக்கதரே, அவர் அணிந்த ஆடைகள் எல்லாவற்றினும் சிறந்தது என்பது என் துணிபு.

ஈண்டு என் பிழையொன்றையும் சொல்லிவிடுதல் வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன், கசங்கிய சட்டையோடு வந்த மாணவனொருவனை வகுப்பினர் முன்னிலையிற் கடிந்து, நேருவின் தூய்மையை எடுத்துக்காட்டினேன். அவனுக்கு இருந்தது ஒரே சட்டை. இரவில் தோய்த்துப் போட்டது மாரிக் குளிரில் உலரவில்லை. ஈரத்தோடு உடுத்து வந்திருக்கின்றான். பிறர் வாயிலாக இதனை அறிந்தபோது எனக்கு உண்டான நாணம் இன்னும் நீங்கவில்லை. இலக்னோவில் நேரு செய்ததைத்தான் அச்சிறுவனும் செய்திருந்தான்.

1931இல் நேரு மனைவியார் கமலாவோடும் மகள் இந்திராவோடும் இலங்கைக்கு வந்து நுவரெலியாவிலே தங்கினார். அநுராதபுரத்தில் அமர்ந்த கோலத்துப் புத்தர் சிலையொன்று அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அடுத்த ஆண்டு டேராடூன் சிறையிலிருந்தபோது இலங்கை நண்பரொருவர் அச்சிலையின் படத்தை அனுப்பிவைத்தார். சிறையறையின் சிறு மேசைமீது அப்படம் அவருக்குத் துணையாயிற்று. எல்லாமாகச் சற்றேறக்குறைய 9 ஆண்டுகளைச் சிறையிற் கழித்த அவர், அங்கெல்லாம் நூற்பதைக் கைவிடவில்லை. 1942இல் இந்திராவின் திருமணத்துக்குத் தந்தை சிறையில் நூற்ற நூலே சேலையாயிற்று. பட்டுக்கு வழியில்லாத வீடா அது?

1947 முதல் 1964 வரை பிரதமராயிருந்த நேருவை உலகம் நன்கறியும். முழங்காலளவு நீண்ட அச்கன், சுரிதார், வெண்குல்லாய், பொத்தான் துளையிற் செருகிய செந்நிற ரோசா. அக்காலத்து ஆசிரியர் பலர் மாணவர்க்குக் காட்டிய படம் இதுவே. இக்கோலத்தைப் பேணப் பணியாளர் இருந்தனர் என்பதையும், அதனால் இதில் வியக்க யாதுமில்லை என்பதையும் அவ்வாசிரியர்கள் சொல்லவில்லை. எனக்கும் நெடுநாள் தோன்றவில்லை.

1964 மே 27ஆந் திகதி நேரு மறைந்தார். அந்தப் பத்தாண்டிலே மேனாட்டுத் தையற்காரர் அவர் அச்கனின் நிமிர்ந்த கழுத்துப்பட்டையைக் குறுஞ்சட்டையொன்றில் வைத்துத் தைத்து, அவர் பெயரையே அதற்கிட்டு விற்றனர். இலண்டனிலும் நியூயோர்க்கிலும் இளைஞர் அதனை விரும்பி அணிந்தனர். நேரு பெரிதும் அணிந்ததோ நீண்ட அச்கன்.