76 நாள் பட்டினி: சங்கரலிங்கனாரின் உடலைத் தாங்கிய கீட்டோன்கள்

தருமபுரி 1965 அக்டோபர் 2-ல் தனி மாவட்டமானது. அப்போதும் மாநிலத்தின் பெயர் மெட்ராஸ்தான். அதை மாற்றச் சொல்லி 9 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பட்டினி கிடந்து உயிரை விட்டிருந்தார். அவர்தான் தியாகி சங்கரலிங்கனார்.

1895-ல் விருதுநகர் பக்கம் மண்மலைமேட்டில் பிறந்தவர். காந்தியவாதி, சுதந்திரப் போராட்ட வீரர். 1956 ஜூலை 27-ல், மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுவது உட்பட 12 கோரிக்கைகளோடு விருதுநகரில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அப்போது வயது 61. அண்ணா உள்ளிட்ட தலைவர்கள் கைவிடச் சொல்லியும் கேட்கவில்லை. உண்ணாவிரதம் 76 நாள் நீண்டது.

சாப்பாடே இல்லாமல் ஓர் உடல் எப்படி இவ்வளவு நாள் தாங்கும்?

கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரை சுமார் ஒரு நாளில் தீர்ந்துபோகும். மூளைக்கோ தினமும் சுமார் 100 கிராம் குளுக்கோஸ் வேண்டும். கொழுப்பு கையிருப்பில் இருந்தாலும் மூளை அதை நேரடியாக எரிக்காது. தசையை உடைத்தே சர்க்கரை செய்துகொண்டிருந்தால் உடல் சீக்கிரமே சரிந்துவிடும்.

இங்கேதான் கீட்டோன்கள் வருகின்றன. கீட்டோ டயட் என்று ஜிம்மில் பேசுகிறார்களே, அதே கீட்டோன்தான். கல்லீரல் கொழுப்பைச் சின்னச் சின்ன மூலக்கூறுகளாக்கி ரத்தத்தில் அனுப்பும். தானே அதை எரிக்காது. அதற்கான நொதி கல்லீரலில் இல்லை. ரத்தத்தில் எளிதாகக் கரையும் கீட்டோன்களால் மூளைக்குள் சும்மா நுழைய முடியாது. எம்.சி.டி.1 என்ற புரதம் வாசல்போல நின்று உள்ளே விடும். சில வாரப் பட்டினிக்குப் பிறகு மூளைக்கு வேண்டிய சக்தியில் பாதிக்கு மேல் இதிலிருந்தே கிடைக்கும். அதனால் தசை மெதுவாகத்தான் கரையும். அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் காஹிலின் குழு இதை 1967-ல் கண்டறிந்து வெளியிட்டது.

ஆனால் இது அவகாசம் மட்டுமே. கொழுப்பு தீர்ந்தால் உடல் மறுபடி புரதத்தில் கை வைக்கும். இதயத் தசையும் தப்பாது. உடல்நிலை மோசமாகி மதுரை மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சங்கரலிங்கனார், 1956 அக்டோபர் 13-ல் இறந்தார்.

அவர் கேட்ட பெயருக்கான தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1967-ல்தான், ஜூலை 18 அன்று. 1969 ஜனவரி 14-ல் அது நடைமுறைக்கு வந்தது. மெட்ராஸ் மாநிலத்தில் பிறந்த தருமபுரி மாவட்டம், 3 வயதில் தமிழ்நாட்டு மாவட்டமானது.