தசையின் கையிருப்பைக் கண்டவர்



கதருக்குப் பேர்போனது நம் திருப்பூர். அக்கதரை அணிந்து அறுவைக் கூடத்துக்குச் சென்றமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல் எல்.எம்.எஸ். சான்றோடு வெளியேறியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் கற்றவர். உடன்பிறந்தார் இருவரை ஸ்புரு என்னும் கழிச்சல் நோய்க்குப் பறிகொடுத்தவர்.

போஸ்டன் சென்று, மருத்துவமனையில் இரவு ஊழியராய் உழைத்துப் படித்தார். ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் பாஸ்பரஸை அளக்கையில், தசைச்சாற்றில் நீல நிறம் தாமதித்தே ஏறிற்று. வேறொருவராயின் பிழையென்று கொட்டியிருப்பர், இவர்கள் விடவில்லை. 1927-ல் பாஸ்போகிரியேட்டின் வெளிப்பட்டது.

தசைக்குள் மயோசின் இழையின் தலைகள் ஆக்டின் இழையைப் பற்றி இழுத்து, விட்டு, மீண்டும் பற்றுகின்றன. தையல் இயந்திரத்தில் துணி தள்ளும் கை அசைவது இவ்விதமே. ஒவ்வோர் இழுப்புக்கும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று செலவாகிறது. கையிருப்போ சில நொடிகளுக்கே காணும். உடனே ஈடுகொடுப்பது பாஸ்போகிரியேட்டின். ஏ.டி.பி. அறவே தீர்ந்தால் தலைகள் பிடியை விடா; பிணம் விறைப்பது அதனாலேதான். அந்த ஏ.டி.பி.யையும் இருவரும் கண்டனர். 1929-ல் ஜெர்மானியர் லோமான் முந்திக்கொண்டார்.

ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1940-ல் லெடர்லி நிறுவனத்தில் சேர்ந்தார். சகோதரரைக் கொண்டுபோன நோய்க்கு உதவும் ஃபோலிக் அமிலத்தை அவர் குழுவினர் அங்கே செயற்கையாக ஆக்கினர். யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் அங்கேதான் பிறந்தது. 1948-ல், 53 வயதில், நியூயார்க்கில் உறக்கத்திலே இறந்தார்.